வழக்கறிஞர்மேல் மனக்குறை: தென்னாப்பிரிக்கத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் 19 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் அமர்ந்து, சட்டக் கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்லவும் பதில் எழுதிக் கொடுக்கவும் உதவி வருகிறேன். வருகிறவர்களில் பலர் எதிராளியைப் பற்றிப் பேச வருவதில்லை. தாங்களே பணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞரைப் பற்றிப் பேசத்தான் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காகவும் கோயில் பணிக்காகவும் வந்தவர்கள், வயதான பெற்றோருக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல விரும்பும் இவ்வூர்க் குடும்பத்தினர் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் வழக்குக்கென்று தனியான ஆலோசனை தேவைப்படும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

என் வழக்கறிஞர் தொலைபேசியை எடுப்பதில்லை. போனால் "கோப்பு நடந்துகொண்டிருக்கிறது" என்று வரவேற்பறையிலேயே அனுப்பிவிடுகிறார்கள். நான் என்ன செய்வது?

நான் கேட்கும் குறைகளில் மிகுதியானது இதுதான். தோற்றுப்போன வழக்கைவிட, பதிலே வராத வழக்குதான் மனிதர்களை அதிகம் வாட்டுகிறது.

அலுவலகத்தின் உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பல கோப்புகள் உண்மையிலேயே வேறு யாருக்காகவோ காத்துக் கிடக்கின்றன: மருத்துவ நிபுணரின் அறிக்கைக்காக, நகராட்சியின் நிலுவையின்மைச் சான்றுக்காக, இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மாஸ்டர் அலுவலகத்தின் கடிதத்துக்காக. 2021 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் நாடெங்கும் முடங்கின. கௌட்டெங் உயர் நீதிமன்றத்தில் உரிமையியல் விசாரணைக்கு 2031-ஆம் ஆண்டுவரை தள்ளித் தேதி கொடுக்க வேண்டிய நிலை வந்ததால்தான் 2025 ஏப்ரலில் அங்கே விசாரணைக்கு முன் மத்தியஸ்தம் கட்டாயமாக்கப்பட்டது. தாமதம் எல்லாமே வழக்கறிஞரின் குற்றமாகாது. ஆனால் "இன்னாருக்காகக் காத்திருக்கிறோம்" என்று கட்சிக்காரருக்கு இரண்டு வரி எழுத எந்த நீதிமன்றமும் தடையாக நிற்பதில்லை. வழக்கின் நிலையைக் கட்சிக்காரருக்குத் தெரிவிப்பது, 2019-இல் வெளியிடப்பட்ட தொழில் நடத்தை விதிகளின்கீழ் வழக்கறிஞரின் கடமையாகும்.

இனித் தொலைபேசியில் அழைப்பதை நிறுத்திவிட்டு எழுதுங்கள். மின்னஞ்சலில் உங்கள் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு நான்கே கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாக எடுத்த நடவடிக்கை என்ன, அது எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? இப்போது யாரிடமிருந்து எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? அடுத்த தேதி எது? என் வழக்குக்குச் சட்டம் விதித்த காலக்கெடு என்றைக்கு முடிகிறது? பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று முடியுங்கள். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். நான்காவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அதை அபாய மணியாக எடுத்துக்கொண்டு உடனே வேறொருவரைப் பாருங்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

அட்டர்னி, அட்வகேட் என்று இரண்டு பேரைச் சொல்கிறார்கள். நான் யாரைக் கேட்பது?

அட்டர்னி உங்களிடம் நேரடியாகப் பொறுப்பேற்று, பணத்தைக் கையாண்டு, கடிதங்களையும் ஆவணங்களையும் தயாரிப்பவர். அட்வகேட் பெரும்பாலும் அட்டர்னி மூலமாக அமர்த்தப்பட்டு நீதிமன்றத்தில் வாதாடுபவர். பொதுமக்களிடமிருந்து நேரடியாக வழக்குகளை ஏற்கும் அட்வகேட்டுகளும் உண்டு. அவ்வாறு ஏற்க அவர்களிடம் ஃபிடிலிட்டி ஃபண்ட் (வழக்கறிஞர் திருடிய கட்சிக்காரர் பணத்தை ஈடுசெய்யும் நிதியம்) சான்றிதழ் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 1 முதல் இரு பிரிவினரையும் சட்டத் தொழில் மன்றம் என்ற ஒரே அமைப்பு கண்காணிக்கிறது. ஆங்கிலத்தில் லீகல் பிராக்டிஸ் கவுன்சில் என்று அழைக்கப்படுவது இதுவே. அதற்கு முன்பு மாகாணங்களில் இருந்த லா சொசைட்டிகளுக்கு எழுதிய பழக்கத்தில் இன்றும் சிலர் அந்தப் பெயரிலேயே கடிதம் எழுதுகிறார்கள்.

சொன்ன தொகை ஒன்று, பில்லில் வந்த தொகை வேறு. இதைக் கேள்வி கேட்க முடியுமா?

முடியும். முதலில் வரிவாரியான பில்லைக் கேளுங்கள்: எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம், யார் செய்தார் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். "தொழில்முறைச் சேவைக்காக" என்று ஒரே வரியில் ஒரு பெருந்தொகையை எழுதி அனுப்புவதை ஏற்க வேண்டியதில்லை. வரிவாரியான பில்லை வாசித்த பிறகும் உடன்பாடில்லை என்றால், அதை மதிப்பிட்டுத் தருமாறு சட்டத் தொழில் மன்றத்திடம் கேட்கலாம். நீதிமன்ற வழக்காயின் உயர் நீதிமன்றத்தின் டாக்சிங் மாஸ்டர் என்னும் அலுவலர் முன்னிலையில் வரிவரியாகச் சரிபார்க்கவும் கேட்கலாம். அந்தப் பதவிப் பெயரில் டாக்ஸ் என்ற சொல் இருந்தாலும் வருமான வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வழக்குச் செலவுகளைத் தணிக்கை செய்வதே அவருடைய வேலை.

இந்தக் கேள்வியின் அடியில் பெரும்பாலும் இன்னொரு வேதனை இருக்கிறது. "நான் ஜெயித்தேன், எதிராளி செலவைக் கட்ட வேண்டும் என்று நீதிபதியே சொன்னார், பிறகு ஏன் என் வழக்கறிஞர் என்னிடம் மேலும் பணம் கேட்கிறார்?" என்று ஓர் அம்மையார் என்னிடம் அழுதே விட்டார். நீதிமன்றம் வழக்கமாக உத்தரவிடும் செலவுத்தொகை ஒரு குறிப்பிட்ட அட்டவணைப்படி கணக்கிடப்படுவது; உங்கள் வழக்கறிஞரோடு நீங்கள் ஒப்புக்கொண்ட கட்டணம் அதைவிட அதிகமாக இருந்தால் இடையிலுள்ள தொகை உங்கள் கையிலிருந்துதான் போகும். சட்டத்தில் இது முறையானதே. ஆயினும் வழக்கைத் தொடங்கும் நாளிலேயே இதை விளக்கிச் சொல்லாத வழக்கறிஞர், வென்ற கட்சிக்காரரைக்கூட ஏமாற்றப்பட்டவராக உணரச் செய்துவிடுகிறார். அந்த அம்மையாரின் வழக்கறிஞர் ஒரு சென்ட்கூட முறைகேடாக எடுக்கவில்லை. முதல் நாளில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அந்தக் கண்ணீர் வந்திருக்காது.

"ஜெயித்தால்தான் கட்டணம், அதில் 25 சதவீதம் எனக்கு" என்கிறார். இது சரியா?

பாதி சரி. 1997-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் சட்டம், வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டை அனுமதிக்கிறது. குற்றவியல் வழக்குகளுக்கும் குடும்ப வழக்குகளுக்கும் அது பொருந்தாது. மணமுறிவு வழக்கில் சொத்தில் பங்கு கேட்கும் வழக்கறிஞரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

25 சதவீதம் என்பது உச்சவரம்பு. வழக்கறிஞர் தமக்கு வழக்கமான கட்டணத்தைப்போல் அதிகபட்சம் இரு மடங்கு கேட்கலாம். அந்த இரு மடங்கும் கிடைத்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. எடுத்துக்காட்டாக, உங்களுக்கு 400,000 ராண்ட் இழப்பீடு கிடைக்கிறது. அவர் செய்த வேலைக்கு வழக்கமான கட்டணம் 30,000 ராண்ட் என்று கொள்வோம். 25 சதவீதம் என்பது 100,000 ராண்ட். இரு மடங்கு என்பது 60,000 ராண்ட். அவர் கேட்கக்கூடியது 60,000-தான். வழக்கமான கட்டணம் எவ்வளவு என்ற கணக்கையே காட்டாமல் நேராகக் கால் பங்கை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் பல கோப்புகளில் கண்டிருக்கிறேன். ஏற்கெனவே காயம்பட்டவரிடமிருந்து எடுக்கப்படும் பணம் என்பதால் அது என்னை இன்றும் வருத்துகிறது. சட்டத்தை ஒதுக்கிவிட்டு, 30 சதவீதம், அதற்கும் மேல் என்று தாங்களே பேசிக்கொண்ட ஒப்பந்தங்கள் செல்லாது என்ற நிலையை 2014-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

ஒப்பந்தம் விதிக்கப்பட்ட படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்திட வேண்டும், உங்களுக்கு ஒரு பிரதி தரப்பட வேண்டும், 14 நாட்களுக்குள் நீங்கள் பின்வாங்கலாம். பிரதி உங்கள் கையில் இல்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள்.

மருத்துவமனையில் படுக்கைக்கே ஒருவர் வந்து, சாலை விபத்து நிதியத்திடம் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவரை நம்பலாமா?

வழக்கறிஞருக்காக ஆள் பிடிப்பது தொழில் நடத்தை விதிகளில் தடைசெய்யப்பட்டது. அவ்வாறு ஆள் அனுப்புகிற அலுவலகம் மற்ற விதிகளை மட்டும் மதிக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். நீங்கள் கொடுத்த பொறுப்பை எழுத்து மூலம் ரத்து செய்யலாம். சாலை விபத்து நிதியத்திடம் வழக்கறிஞர் இல்லாமல் நேரடியாகவும் கோரிக்கை கொடுக்கலாம். ஆயினும் கடுமையான காயங்களுக்கு உரிய தொகை எவ்வளவு என்று மதிப்பிடத் தேர்ந்தவரின் துணை வேண்டும் என்பது என் கருத்து.

காலக்கெடு தவறிப்போனதால் என் வழக்கு செத்துவிட்டது என்கிறார்கள். தவறு வழக்கறிஞருடையது. இனி வழியே இல்லையா?

வழி இருக்கிறது. அந்த வழிக்கும் ஒரு காலக்கெடு உண்டு என்பதைத்தான் மக்கள் அறிவதில்லை.

என் தந்தையார் 1998-இல் உம்கெனி சாலையில் மினிபஸ் டாக்சி மோதி இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். வண்டியும் தெரியும், ஓட்டுநரும் தெரியும். நகரில் ஓர் அலுவலகத்தில் வழக்கை ஒப்படைத்தோம். அடையாளம் தெரிந்த ஓட்டுநர் என்றால் விபத்து நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் நிதியத்திடம் கோரிக்கை கொடுக்க வேண்டும். அந்த அலுவலகம் கொடுக்கவில்லை. நான்காம் ஆண்டில் விசாரித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் தந்தையார் "எல்லாம் விதி" என்று சொல்லி அமைதியானார்; நாங்களும் அமைதியானோம். அந்த வழக்கறிஞரின் கவனக்குறைவுக்காக அவர்மீதே வழக்குத் தொடுத்து, கிடைத்திருக்க வேண்டிய இழப்பீட்டை அவரிடம் கேட்டிருக்கலாம் என்று பிறகொரு நாள் வேறோர் அலுவலகத்தில் வேலை பார்க்கும்போது அறிந்தேன். அதற்கும் மூன்று ஆண்டுக் கெடு உண்டு. அதுவும் கடந்து போயிருந்தது. என் தந்தையார் கடைசிவரை ஊன்றுகோலோடு நடந்தார். இந்தப் பக்கத்தை எழுத எனக்குள்ள காரணங்களில் அது முதலாவது.

ஆகவே இந்தக் கெடுக்களை மனத்தில் வையுங்கள். சாதாரணக் கடன், இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுகள். உங்களுக்கு விவரம் தெரிந்த நாள் அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். மோதிவிட்டு ஓடிய, அடையாளம் தெரியாத வண்டி என்றால் நிதியத்திடம் கோரிக்கை கொடுக்க இரண்டே ஆண்டுகள். காவல்துறை, அரசு மருத்துவமனை போன்ற அரசு அமைப்புகள்மீது இழப்பீடு கேட்பதென்றால் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதங்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நியாயமற்ற பணிநீக்கம் என்றால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.விடம் முறையிட 30 நாட்கள். சில கெடுக்களைக் காரணம் காட்டி நீட்டிக்கக் கேட்க முடியும்; சிலவற்றை முடியாது. எது எந்த வகை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள், அவர் உங்கள் பழைய வழக்கறிஞராக இருக்கக் கூடாது. தம்முடைய தவறைப் பற்றித் தாமே ஆலோசனை சொல்ல எவராலும் முடியாது. நேர்மையான வழக்கறிஞர் தவறு நேர்ந்ததும் "இதைப் பற்றி நீங்கள் வேறொருவரிடம் ஆலோசனை பெற வேண்டும்" என்று தாமே சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கில் தோற்றுவிட்டேன். இதுவும் கவனக்குறைவுதானே?

தோல்வி மட்டும் அதற்குச் சான்றாகாது. தகுதியுள்ள ஒரு வழக்கறிஞர் இந்த நிலையில் செய்திருக்க வேண்டிய ஒன்றை இவர் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் நீங்கள் தோற்றீர்களா என்ற இரண்டையும் காட்ட வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்காமலே வழக்கை முடித்துக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அது என்னைக் கட்டுப்படுத்துமா?

சமரசத்துக்கு ஒப்பும் அதிகாரம் உங்களுடையது. வழக்கறிஞர் உங்கள் சம்மதத்தைப் பெற்றே அதைச் செய்ய வேண்டும். ஆயினும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு நியாயமாக நம்பும்படி நீங்களே இடம் கொடுத்திருந்தால், நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை நிலைநிறுத்தவும் கூடும். அதனால் செய்தி தெரிந்த அன்றே "எனக்குச் சம்மதமில்லை" என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு வேறு ஆலோசனை தேடுங்கள். பணத்தை வாங்கிச் செலவு செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து எதிர்ப்பது மிகக் கடினம்.

என் பணம் வழக்கறிஞரிடம் இருக்கிறது, தர மறுக்கிறார். எடுத்துக்கொண்டுவிட்டாரோ என்று அஞ்சுகிறேன்.

கட்சிக்காரரின் பணம் வழக்கறிஞரின் சொந்தக் கணக்கில் சேரக் கூடாது. டிரஸ்ட் கணக்கில் தனியாக இருக்க வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்தும் ஒவ்வோர் அட்டர்னியிடமும் அந்த ஆண்டுக்கான ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்க வேண்டும், அது டிசம்பர் 31-உடன் காலாவதியாவதால் அதற்குள் புதுப்பிக்க வேண்டும். அதைக் காட்டுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கடையில் எடைக்கல்லைப் பார்ப்பதைப் போன்றதுதான் அது.

முதலில் எழுத்தில் கணக்குக் கேளுங்கள்: எவ்வளவு வந்தது, என்று வந்தது, எதற்காக எவ்வளவு கழிக்கப்பட்டது, மீதி எங்கே? பதில் வராவிட்டால் சட்டத் தொழில் மன்றத்திடம் புகார் கொடுங்கள். பணம் திருடப்பட்டது என்று தெரியவந்தால் வழக்கறிஞர் ஃபிடிலிட்டி ஃபண்ட் அதை ஈடுசெய்ய வாய்ப்பு உண்டு. திருட்டு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, மூன்று மாதங்களுக்குள் மன்றத்துக்கும் நிதியத்தின் வாரியத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் பொறுங்கள், அடுத்த மாதம் தருகிறேன்" என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தே பலர் அந்த மூன்று மாதங்களை இழக்கிறார்கள். இந்த நிதியம் திருட்டுக்கு மட்டுமே ஈடு தரும்; கவனக்குறைவுக்குத் தராது. வட்டிக்கு முதலீடு செய்து தருமாறு வழக்கறிஞரிடம் கொடுத்த பணத்துக்கும் பொதுவாகப் பொறுப்பேற்காது. திருட்டு என்றால் காவல் நிலையத்திலும் வழக்குப் பதிவு செய்யுங்கள்.

வீடு வாங்குகிறேன். பத்திரம் மாற்றும் வழக்கறிஞருக்கு நான்தான் பணம் கட்டுகிறேன். அவர் விற்பவர் பக்கமே பேசுகிறார். இது எப்படி நியாயம்?

இந்நாட்டு வழக்கப்படி கன்வேயன்சர் எனப்படும் அந்த வழக்கறிஞரை விற்பவர் தேர்ந்தெடுக்கிறார், செலவை வாங்குபவர் கட்டுகிறார். அவருக்குப் பொறுப்புக் கொடுத்தவர் விற்பவர்தான். நீங்கள் பணம் கட்டுவதால் அவர் உங்கள் வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை. விற்பனை ஒப்பந்தத்தில் ஐயம் இருந்தால் கையெழுத்திடும் முன் உங்களுக்கென்று ஒருவரிடம் காட்டுங்கள். முன்பணத்தை அவருடைய டிரஸ்ட் கணக்கில் கட்டுகிறீர்கள் என்றால், உங்கள் பெயரில் தனிக் கணக்கில் வட்டிக்கு வைக்குமாறு எழுத்தில் கட்டளை கொடுங்கள். கொடுக்காவிட்டால் வட்டி ஃபிடிலிட்டி ஃபண்டுக்குப் போய்விடும்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், உங்களுக்கு முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அலுவலகத்தை அழைத்து, எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வீடு வாங்கிய ஒருவர், இடைமறித்துத் திருத்தப்பட்ட மின்னஞ்சலை நம்பி 55 லட்சம் ராண்டை மோசடிக்காரரின் கணக்குக்கு அனுப்பிய வழக்கில், அந்த இழப்புக்கு வழக்கறிஞர் நிறுவனம் பொறுப்பாகாது என்று 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீழ் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தும் அது நிலைக்கவில்லை.

அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் சொத்துக் கோப்பு முடியவில்லை. நிறைவேற்றுநராக இருக்கும் வழக்கறிஞரை என்ன செய்ய முடியும்?

நிறைவேற்றுநர் என்ற முறையில் அவர் மாஸ்டர் அலுவலகத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நியமனக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் சொத்துக் கணக்கை மாஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது நீட்டிப்புக் கேட்டுப் பெற வேண்டும். இரண்டும் நடந்ததா என்று நீங்களே டர்பன் அல்லது பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாஸ்டர் அலுவலகத்தில் கோப்பு எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம். நடக்கவில்லை என்றால் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, 30 நாட்களுக்குப் பின் நீதிமன்றத்தை நாடி அவரைக் கட்டாயப்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. உயிலில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் நிறைவேற்றுநரின் கூலி மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், இறப்புக்குப் பின் வந்த வருமானத்தில் 6 சதவீதம். அதற்கு மேல் கேட்கிறார் என்றால் காரணம் கேளுங்கள். அதைவிடக் குறைவாகப் பேசி முடிவு செய்யவும் தடையில்லை என்பதைத் துக்க வீட்டில் யாரும் சொல்வதில்லை.

இதோடு சேர்ந்த ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டி நடந்து, உள்துறை அலுவலகத்தில் பதியாமல் விடப்பட்ட திருமணங்கள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. கணவர் உயில் எழுதாமல் இறந்ததும், "உங்கள் திருமணம் சட்டப்படி இல்லை, உங்களுக்குப் பங்கில்லை" என்று மனைவியை அனுப்பிவிடும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இந்து முறைப்படி மணந்து பதியாத மனைவியும் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் மனைவியே என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அது 2009-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியாகியிருக்கிறது. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள்.

வழக்கறிஞரை நடுவில் மாற்றலாமா? கோப்பைத் தர மறுக்கிறாரே!

எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பழையவருக்கு உரிய கட்டணம் பாக்கி இருந்தால் அது தீரும்வரை ஆவணங்களைப் பிடித்து வைக்கும் உரிமை அவருக்கு உண்டு. பாக்கி இல்லை என்றால் அந்த உரிமையும் இல்லை. நடைமுறையில் புதிய வழக்கறிஞர், "வழக்கு முடிந்ததும் உமக்குரிய தொகையைக் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுத்தில் உறுதியளித்தே பெரும்பாலான கோப்புகள் கைமாறுகின்றன. விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாற்றாதீர்கள், கெடு முடியும் தறுவாயில் இருந்தால் ஒழிய.

சட்டத் தொழில் மன்றத்திடம் எப்படிப் புகார் கொடுப்பது? அவர் என்னைப் பழிவாங்கினால்?

மன்றத்தின் படிவத்தை நிரப்பி, நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, கடிதங்களின் பிரதிகளை இணைத்து மாகாண அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுதிமொழிப் பத்திரம் தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் கட்டணமின்றிச் சான்று பெறலாம். மூலப்பத்திரங்களை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். உங்கள் புகார் வழக்கறிஞருக்கு அனுப்பப்பட்டு அவருடைய பதில் கேட்கப்படும். முகாந்திரம் இருந்தால் விசாரணைக் குழுவும், பிறகு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவும் பார்க்கும். அபராதம் விதிக்கலாம், எச்சரிக்கலாம். தொழிலிலிருந்து நிரந்தரமாக நீக்குவது மட்டும் உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது.

மன்றம் உங்கள் வழக்கை நடத்திக் கொடுக்காது. புகார் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் கெடுவை மறந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மன்றத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் மூன்று ஆண்டுக் கெடு நின்றுவிடாது. பழிவாங்கும் அச்சத்தைப் பொறுத்தவரை, புகாருக்கு முன்பே கோப்பை வேறொருவரிடம் மாற்றிவிடுவது நல்லது. மன்றம் உங்கள் புகாரைக் கையாண்ட முறையில் குறை இருந்தால் சட்டச் சேவை ஆம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அந்தப் பதவிக்கு முதன்முதலாக 2020 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி சிராஜ் தேசாய் நியமிக்கப்பட்டார்.

விசா வாங்கித் தருவதாகச் சொன்னவர் ஏமாற்றிவிட்டார். அவர்மீதும் மன்றத்தில் புகார் கொடுக்கலாமா?

அவர் பதிவுபெற்ற அட்டர்னியோ அட்வகேட்டோ ஆக இருந்தால் கொடுக்கலாம். குடியேற்ற ஆலோசகர் என்ற பலகை மட்டும் வைத்திருப்பவர் மன்றத்தின் கீழ் வருவதில்லை. அத்தகையோருக்கென்று முன்பு இருந்த பதிவு முறையும் 2014-இல் நீக்கப்பட்டுவிட்டது. அங்கே உங்களுக்கு உள்ள வழி காவல்துறையும் உரிமையியல் நீதிமன்றமும்தான். கோயில் பணிக்கு வந்த அர்ச்சகர்களும் நாதசுரக் கலைஞர்களும் இதில் அதிகம் ஏமாறுவதைப் பார்க்கிறேன். பணம் கொடுக்கும் முன் அவருடைய பெயர் மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. வழக்கறிஞர் சொல்வது பாதி புரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம். புரியாமல் போட்ட கையெழுத்தே பின்னாளில் பல மனக்குறைகளுக்கு வேராகிறது. 1894-இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, வாயில் இரத்தம் வழிய காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்திக்கு அப்போது தமிழ் தெரியாது. அலுவலகத்திலிருந்த தமிழ் எழுத்தர் மூலமாகவே முழு விவரத்தையும் கேட்டறிந்து, அவரை வேறொரு முதலாளியிடம் மாற்ற ஏற்பாடு செய்தார். எழுத்தராக வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பெயர் தெரியாத உடன்தொழிலாளியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நம்பகமான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வழக்கோடு சம்பந்தப்பட்ட உறவினர் வேண்டாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், குறிப்பாக மணமுறிவு வழக்குகளில். பேசி முடித்ததை எளிய ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பச் சொன்னால் வீட்டில் நிதானமாக வாசித்துப் புரிந்துகொள்ளலாம். குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தமக்குப் புரியும் மொழியில் விசாரணை அல்லது மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்புச் சட்டமே தருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் தேதியிலேயே கேளுங்கள்.

இன்னொரு வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. எங்கே போவது?

வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால் லீகல் எய்டு சவுத் ஆப்பிரிக்கா உதவும். 0800 110 110 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமும் உண்டு. கட்டணத்தில் திருப்பிக் கேட்பது சிறிய தொகை என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தை எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் அதன் வரம்பு 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டது. அங்கே எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது, எதிர்த்தரப்பு ஒரு வழக்கறிஞராகவே இருந்தாலும் அவர் தமக்காக மட்டுமே பேச முடியும். எங்கே சென்றாலும் கட்டண ஒப்பந்தம், ரசீதுகள், கடிதங்கள், மின்னஞ்சல்கள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரே பக்கத்தில் நடந்ததன் சுருக்கத்தையும், கெடு முடியும் தேதியைச் சிவப்பு மையிலும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதத் துணை வேண்டும் என்றால் ஞாயிறு காலை பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு வாருங்கள். கோப்பை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.